பக்கத்தில் உட்கார்ந்தவர்கள்

1

எங்கம்மா ஒரு மனநல மருத்துவமனையில் பத்தொன்பது வருஷம் ஆயா வேலை பார்த்தது. எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே வேண்டாம். எல்லா ஊரிலும் அந்த வேலை ஒரே வேலைதான். பீத்துணி அலசுவது, சாப்பிட மறுக்கிறவர்களுக்கு ஊட்டுவது, ஓடப் பார்க்கிறவர்களைப் பிடிப்பது, செத்தவர்களைக் கழுவித் துணி சுற்றுவது. காண்ட்ராக்ட் வேலை. கல்லூரியில் படிக்கும்போது, அம்மா என்ன செய்யறாங்கன்னு யாராவது கேட்டால் 'ஆஸ்பத்திரியில வேலை' என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். நர்ஸ் என்று அவர்கள் நினைத்துக்கொண்டால் திருத்தமாட்டேன். வெட்கம்தான், வேறென்ன.

மாசக்கணக்கில் வாய் திறக்காத ஒரு பெண் அந்த வார்டில் இருந்தாள். வேலை முடிந்ததும் அம்மா வீட்டுக்கு வாங்கிய கீரைக்கட்டை எடுத்துக்கொண்டு போய் வேப்பமரத்தடியில் அவள் பக்கத்தில் உட்காரும்.

"அவகிட்ட இன்னா பேசுவ?" என்று கேட்டேன்.

"ஒன்னும் பேசமாட்டேன். கீர ஆய்வேன். அது பாத்துனு இருக்கும். ஒரு நாளு அதுவும் ஒரு கொத்த எடுத்து ஆய ஆரம்பிச்சிச்சி. அப்புறம் ரெண்டு நாளு கழிச்சி, 'இதுல பூச்சி இருக்குது'ன்னிச்சி. அதான் மொத பேச்சு."

கேஸ் ஷீட்டில் மருந்தின் அளவு எழுதப்பட்டது. 'முன்னேற்றம்' என்று எழுதப்பட்டது. மருந்தும் வேலை செய்திருக்கும், நான் மறுக்கவில்லை. ஆனால் கீரை எழுதப்படவில்லை. அம்மாவின் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. பைத்தியம் என்று ஒதுக்கப்பட்டவர்களின் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கு ஒரு வரலாறு உண்டா என்று நான் தேடத் தொடங்கியது அந்தக் கீரைக்கட்டிலிருந்துதான்.

2

ஃபூக்கோவின் பெயர் சிறுபத்திரிகைகளில் அடிபடத் தொடங்கிய காலத்தில், மனநோய் விடுதிகளின் வரலாறு நம்மிடையே கொஞ்சம் பேசப்பட்டது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் மருத்துவர் பிலிப் பினேல் மனநோயாளிகளின் சங்கிலிகளை அறுத்தெறிந்தார் என்பது பாடப்புத்தகக் கதை. சங்கிலி போன இடத்தில் ஒழுக்கக் கண்காணிப்பு வந்து உட்கார்ந்துகொண்டது என்பது 1961இல் ஃபூக்கோ வைத்த விமர்சனம். இரண்டையும் படித்தோம். சங்கிலியைக் கழற்றிய கை உண்மையில் யாருடையது என்று நாம் கேட்கவில்லை.

பாரிஸ் அருகே பிசேத்ர் விடுதியில் சங்கிலிகளை நிறுத்தியது ழான் பாப்தீஸ்த் புஸ்ஸேன் என்பவர். ஆண்டு 1797. பினேல் 1795லேயே அங்கிருந்து சால்பெத்ரியேர் மருத்துவமனைக்கு மாறிப் போய்விட்டார். புஸ்ஸேன் மருத்துவர் அல்ல. தோல் பதனிடுகிறவர். கண்டமாலை நோயோடு பிசேத்ருக்குள் நோயாளியாக வந்து, குணமாகி, அங்கேயே வேலைக்குச் சேர்ந்து, மனநோயாளிகள் பிரிவின் பொறுப்பாளராக ஆனவர். அவருடைய மனைவி மார்கரீத் ஜூப்லினும் கூடவே வேலை பார்த்தார்.

இதைப் படித்த அன்று நான் ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். என் தாத்தா பாலாற்றங்கரை டேனரியில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் நின்று கால் வெந்தவர். தோலைத் தொட்டவன் தீண்டத்தகாதவன் என்று சொன்ன ஊரில் பிறந்தவனுக்கு, பைத்தியக்காரர்களின் சங்கிலியைக் கழற்றியவன் ஒரு தோல் தொழிலாளி என்பது வெறும் தகவல் இல்லை. பிரான்சின் தோல் தொழிலாளியும் நம்மூர்ச் சக்கிலியரும் பறையரும் ஒன்றல்ல. அங்கே சாதி இல்லை. அது தெரிந்தும் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

புஸ்ஸேன் செய்தவற்றில் இரண்டு விஷயம் நமக்கு முக்கியம். நோயாளிகளை அடிக்கக் கூடாது என்று ஊழியர்களுக்குக் கண்டிப்பான உத்தரவு போட்டார். குணமாகி வருகிறவர்களிலிருந்தே ஊழியர்களைத் தேர்ந்தெடுத்தார். அந்த இருட்டுக்குள் கிடந்தவர்களுக்குத்தான் அங்கே கிடக்கிறவனின் பயம் தெரியும் என்பது அவருடைய அனுபவம். பினேல் இதையெல்லாம் மறைக்கவில்லை. புஸ்ஸேனிடம் கற்றுக்கொண்டதை எழுதினார், 1802இல் அவரைத் தன்னிடமே வரவழைத்துக்கொண்டார். மறந்தது பின்னால் வந்தவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஓவியர்கள் சங்கிலி அறுபடும் காட்சியை வரைந்தபோது நடுவில் கம்பீரமாக நின்றவர் மருத்துவர்தான்.

3

ஆட்களைத் தேர்ந்தெடுப்பதுதான் சிகிச்சையின் உயிர் என்பது அப்புறமும் அங்கங்கே தலைகாட்டியது. 1796இல் இங்கிலாந்தின் யார்க் நகரில் குவேக்கர்கள் தொடங்கிய 'ரிட்ரீட்' ஒன்று. 1971இல் கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் மருத்துவர் லோரன் மோஷர் தொடங்கிய 'சொட்டீரியா' வீடு இன்னொன்று. சொட்டீரியாவில் நோயாளியோடு இருந்தவர்கள் மருத்துவப் படிப்பில்லாதவர்கள். வேண்டுமென்றே அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். நோயாளிக்கு எதையாவது 'செய்வது' அல்ல, அவரோடு 'இருப்பது' என்பது அங்கே கொள்கை. பணம் வரத்து நின்றுபோய் 1983இல் அது மூடப்பட்டது.

நான் விரிவாகச் சொல்ல வருவது இன்னொன்றை. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் போல்டர் என்று ஒரு ஊர். திபெத்திய பௌத்த ஆசிரியர் சோக்யம் துருங்பா 1974இல் அங்கே நரோபா நிறுவனத்தைத் தொடங்கினார். எட்வர்ட் போட்வால் என்ற மனநல மருத்துவர் மருத்துவமனை வேலையை விட்டு அங்கே போய், தியானத்தை அடிப்படையாகக் கொண்ட உளச்சிகிச்சையைக் கற்பித்தார். 1981இல் அவரும் அவருடைய மாணவர்களும் நோயாளியை விடுதியில் அடைக்காமல் ஊருக்குள் ஒரு சாதாரண வீட்டில் வைத்துப் பார்க்கத் தொடங்கினார்கள். அதற்கு வைத்த பெயர் விண்ட்ஹார்ஸ், காற்றுக்குதிரை. திபெத்தியர்கள் கொடிகளில் வரையும் குதிரை அது.

தியானம் என்றதும் நமக்குச் சந்தேகம் வரும். வரவேண்டியதுதான். வயிறு காய்கிறவனிடம் கண்ணை மூடு என்று சொல்கிற கூட்டத்தை நாம் நிறையப் பார்த்தாயிற்று. ஆனால் போல்டரில் தியானம் நோயாளிக்கு விதிக்கப்பட்ட மருந்து இல்லை. அது ஊழியருக்கான பயிற்சி. கலங்கிக் கிடக்கிறவர் முன்னால், தன் பயத்தையும் அருவருப்பையும் அவசரத்தையும் கவனித்துக்கொண்டு, ஓடாமல் உட்கார்ந்திருக்கப் பழகுவது. சீக்கிரம் குணமாக்கிவிட வேண்டும் என்கிற துடிப்பும் ஒருவகை வன்முறைதான் என்று அவர்கள் கண்டார்கள்.

ஆட்களை அடுக்கிய விதத்தைப் பாருங்கள். வீட்டில் நோயாளியோடு தங்கிவாழ ஒரு துணையாள். முறைபோட்டு வந்துபோகும் சிலர். ஒரு முறை இரண்டு மூன்று மணி நேரம். இந்த வேலைக்கு அவர்கள் வைத்த பெயரை 'அடிப்படை உடனிருப்பு' என்று சொல்லலாம். சேர்ந்து சமைப்பது, பாத்திரம் துலக்குவது, கடைக்குப் போவது, நடப்பது, ஒன்றும் செய்யாமல் இருப்பது. எல்லாரையும் ஒருங்கிணைக்க ஒரு குழுத்தலைவர். ஒரு உளச்சிகிச்சையாளர். மருந்தை அவர்கள் ஒதுக்கிவிடவில்லை. கவனத்தோடு குறைத்துப் பார்த்தார்கள். அப்புறம் கூட்டங்கள். வீட்டார் எல்லாரும் உட்காரும் கூட்டம், ஊழியர்கள் உட்காரும் கூட்டம். முறைக்கு வந்துபோனவர் தான் கண்டதைச் சொல்வார், தனக்கு ஏற்பட்ட கலக்கத்தையும் சொல்வார். எவ்வளவு ஆழமான பைத்தியத்துக்குள்ளும் தெளிவின் தீவுகள் உண்டு, அவற்றைக் கண்டுகொள்வதே உடனிருப்பவரின் வேலை என்று போட்வால் 1990இல் வெளியிட்ட தன் நூலில் விளக்கினார். 'இதுல பூச்சி இருக்குது' என்று அந்தப் பெண் சொன்னது அப்படி ஒரு தீவு. அங்கே அதைக் கூட்டத்தில் பேசியிருப்பார்கள்.

குறையையும் சொல்லவேண்டும். விண்ட்ஹார்ஸ் பெரும்பாலும் கைக்காசு போட்டு வாங்குகிற சேவை. ஒரு ஆளுக்கு இத்தனை பேர் என்றால் யாரால் முடியும்? ஏழைக்கு அங்கேயும் எளிதில் இடமில்லை.

4

இந்த வழி பௌத்தத்திலிருந்து வந்தது என்பதால் நமக்கு அது அந்நியமில்லை. 1898இல் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவிய அயோத்திதாசப் பண்டிதர் தொழிலால் சித்த மருத்துவர். நோயும் தம்மமும் அவரிடம் ஒரே வீட்டில் இருந்தன.

வினய பிடகத்தின் மகாவக்கத்தில் ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. வயிற்றுப்போக்கு கண்ட ஒரு பிக்கு தன் மலத்திலேயே கிடக்கிறார். ஆனந்தரோடு சுற்றிவந்த புத்தர், உன்னைப் பார்த்துக்கொள்ள யாரும் இல்லையா என்று கேட்கிறார். நான் மற்றவர்களுக்கு எதுவும் செய்ததில்லை, அதனால் எனக்கும் யாரும் செய்வதில்லை என்கிறார் பிக்கு. புத்தர் தண்ணீர் கொண்டுவரச் சொல்கிறார். அவர் ஊற்ற, ஆனந்தர் கழுவுகிறார். தலைப்பக்கம் புத்தரும் கால்பக்கம் ஆனந்தரும் பிடித்துத் தூக்கிக் கட்டிலில் கிடத்துகிறார்கள். அதற்காக ஒரு தோட்டியைக் கூப்பிடவில்லை!

அதையடுத்து, நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவருக்கு வேண்டிய ஐந்து தகுதிகள் சொல்லப்படுகின்றன. மருந்து தயாரிக்கத் தெரியவேண்டும். எது ஒத்துக்கொள்ளும், எது ஒத்துக்கொள்ளாது என்று தெரியவேண்டும். ஆதாயத்துக்காக அல்லாமல் மைத்திரியோடு செய்யவேண்டும். மலம், சிறுநீர், எச்சில், வாந்தியை அகற்ற அருவருக்கக் கூடாது. அவ்வப்போது நல்ல பேச்சால் நோயாளியின் மனதை மலரவைக்கத் தெரியவேண்டும். இந்த ஐந்தும் ஒரே ஆளுக்கு. நம் நாட்டு ஆஸ்பத்திரி இதை உடைத்து, மருந்தை ஒருவருக்கும், பேச்சை ஒருவருக்கும், மலத்தை மட்டும் நம் சாதிகளுக்கும் கொடுத்துவிட்டது. ஆதாயம் கருதாமல் என்பதைக் காட்டிக் கூலியை மறுக்கவும் முடியாது. ஒரு பிக்கு இறந்தால் அவருடைய சீவரத்தையும் திருவோட்டையும் அவரைப் பார்த்துக்கொண்டவர்களுக்குக் கொடுக்கலாம் என்கிற விதியும் அதே வினயத்தில் அடுத்தாற்போல் வருகிறது. உழைத்தவருக்கு உரியது உண்டு.

மைத்திரி என்ற அந்தச் சொல்லைத்தான் துருங்பாவும் போல்டரில் பயன்படுத்தினார். பாபாசாகேப் அம்பேத்கரோ, சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற மூன்றையும் தான் பெற்றது பிரெஞ்சுப் புரட்சியிலிருந்து அல்ல, என் ஆசான் புத்தரிடமிருந்து என்று 1954இல் வானொலியில் பேசினார். அவருக்கு மைத்திரி என்பது மனசுக்குள் வைத்துக்கொள்ளும் உணர்ச்சி மட்டும் இல்லை. மனிதர்கள் எப்படிச் சேர்ந்து வாழ்வது என்கிற ஏற்பாடு.

5

இதுவரை எழுதியதை எழுத எனக்குத் தகுதி இருக்கிறதா என்று ஒரு கேள்வி என்னைக் குடைகிறது. என் தம்பிக்கு இருபத்திரண்டு வயசில் மனசு கலங்கியது. தூக்கமில்லை, சுவரோடு பேசினான், ஒரு நாள் தெருவில் போனவரை அடித்துவிட்டான். அன்று ராத்திரி அவனைக் கட்டில் காலோடு கட்டினோம். முடிச்சுப் போட்டது நான்தான்.

நைட் டூட்டி முடிந்து விடிகாலையில் வந்த அம்மா பை கீழே வைக்காமல் முடிச்சை அவிழ்த்தது.

"ஆளு இல்லாத எடத்துலதாண்டா கட்டுவாங்க. நீ இருக்கிற இல்ல, ஒக்காரு."

அந்தச் சொல் போதும், இந்த வரலாறு முழுவதும் எனக்கு விளங்கிவிட்டது. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் தீ பிடித்தபோது 28 பேர் ஓடமுடியாமல் எரிந்துபோனார்கள்; சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். அதைக் குரூரம் என்றோம், மூடநம்பிக்கை என்றோம். அங்கே உட்கார எத்தனை ஆள் இருந்தார்கள், அவர்களுக்கு என்ன கூலி என்று கேட்டவர்கள் குறைவு.

தம்பியோடு சேரியே உட்கார்ந்தது. பகலில் பெரியம்மா, சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்கா, ராத்திரி மேளம் அடிக்கிற மாமா. சர்க்கார் ஆஸ்பத்திரி மாத்திரையையும் விடாமல் கொடுத்தோம். போல்டரைப் பற்றி எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அம்மா முறை வகுத்தது, அவ்வளவுதான். ஆனால் இதைக் காட்டிச் சேரியைக் கோயிலாக்க நான் தயாரில்லை. இரண்டு மாசத்துக்கு மேல் தாங்கவில்லை. அக்கா ஷூ கம்பெனியில் ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் கூலி போச்சு. மாமாவுக்குச் சாவு வந்தால்தான் காசு, சாவுக்குப் போகாமல் முடியுமா. ஒவ்வொருவராக நின்றார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது. தம்பி பாதி தேறினான். இப்போது அரைநாள் வேலைக்குப் போகிறான், மாத்திரை சாப்பிடுகிறான். இன்னும் ஆறு மாசம் அந்த முறை நடந்திருந்தால் முழுசாகத் தேறியிருப்பானோ என்பதை அம்மாவும் நானும் பேசிக்கொள்வதில்லை.

2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதைத் தடைசெய்கிறது. சமூகத்துக்குள் வாழும் உரிமையைத் தருகிறது. நல்ல சட்டம். மனநலப் பணியாளர் யார் என்று அதே சட்டம் வரையறுக்கும் இடத்தில் மருத்துவர், செவிலியர், உளவியலாளர், சமூகப்பணியாளர் எல்லாரும் வருகிறார்கள். ஆயா வரவில்லை. சங்கிலியைத் தடைசெய்த சட்டம், சங்கிலி இருந்த இடத்தில் உட்காரப்போகிறவருக்குப் பெயர் வைக்கவில்லை. வழி இல்லாமலும் இல்லை. சென்னையில் 1993இல் தொடங்கிய தி பான்யன் அமைப்பு, நெடுங்காலம் விடுதியில் இருந்தவர்களை 2015 முதல் ஊருக்குள் வாடகை வீடுகளில், உதவியாளர்களின் துணையோடு குடிவைத்து வருகிறது. தனி அமைப்பு செய்வதை அரசு ஏன் செய்யக்கூடாது?

நாம் கேட்கவேண்டியது இரக்கம் இல்லை. நிரந்தரப் பணி, நேர அளவுள்ள முறை, பயிற்சி, கூலி, கேஸ் ஷீட்டில் எழுதும் உரிமை. மலம் அள்ளுவது ஒரு சாதிக்கும் மனசைத் தொடுவது இன்னொரு சாதிக்கும் என்கிற பிரிவினை ஒழியவேண்டும். சேரியில் இரண்டு மாசம் தாங்கியதை இரண்டு வருஷம் தாங்கவைக்க இது போதும்.

போல்டர் வீட்டைப் பற்றி ஒரு நாள் அம்மாவுக்கு விளக்கமாகச் சொன்னேன். தியானத்தைப் பற்றிச் சொன்னபோது தலையாட்டியது. மூன்று மணி நேர முறை என்றதும், நல்லதுதான், இடுப்பு தாங்கும் என்றது. கூட்டத்தைப் பற்றிச் சொன்னதும் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தது.

"டாக்டர் இருக்கிற மீட்டிங்லயா? ஆயாவையுமா கூப்புடுவாங்க?"

ஆமாம் என்றேன்.

"சேர்லயா ஒக்காரவெப்பாங்க?"