புக்கிட் திம்பாலான் குன்றின் கோட்டை

சிங்கப்பூரிலிருந்து கடற்பாலம் வழியாக ஜொகூர் பாருவுக்கு வரும்போது இடப்பக்கம் பாருங்கள். அடுக்குமாடிகளுக்கு நடுவே, குன்றின் மேல் ஒரு சதுரக் கோபுரம் தெரியும். அதுதான் சுல்தான் இப்ராஹிம் கட்டடம்.

இது மாநகர் மன்றமல்ல, மாநில அரசின் தலைமைச் செயலகமாக எழுந்தது. பால்மர் அண்ட் டர்னர் நிறுவனம் வடிவமைக்க, 1936-ல் தொடங்கிய வேலை 1940-ல் முடிந்தது. கோபுரத்தின் உயரம் 64 மீட்டர். மேல்நாட்டுக் கட்டுமானத்தோடு இஸ்லாமிய, மலாய் அலங்காரங்களும் கலந்திருக்கின்றன. ஆனாலும் முதற்பார்வைக்கு இது அலுவலகமாகத் தெரியாது, கோட்டையாகவே தெரியும்.

சென்னை மாநகராட்சியின் ரிப்பன் கட்டடம் 1913-ல் திறக்கப்பட்டது. அதற்கு ஒரு வெள்ளைக்கார வைஸ்ராயின் பெயர். ஜொகூரிலோ, 1914 முதல் பிரிட்டிஷ் பொது ஆலோசகர் ஒருவர் அமர்ந்திருந்தும், கட்டடத்தின் பெயர் ஆண்டுகொண்டிருந்த சுல்தானுடையது. பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் காட்டுவேன். நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூரில் வெள்ளையர் ஆட்சி. இக்கரையில் குன்றின் உச்சியில் ஒரு மலாய் அரசரின் பெயர்!

கட்டி முடித்து இரண்டே ஆண்டு. 1942 ஜனவரி 31-ல் பின்வாங்கிய பிரிட்டிஷ் படை கடற்பாலத்தை வெடிவைத்து உடைத்தது. ஜொகூர் பாரு ஜப்பானியர் கையில். சிங்கப்பூரை உளவு பார்க்க இதைவிட வசதியான இடம் வேறேது? அரசரின் கோபுரம் எதிரியின் கண்ணாயிற்று. தளபதி யமாஷிதா தங்கியது இங்கேதான் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் புக்கிட் செரீன் அரண்மனையில் இருந்தார். பிப்ரவரி 8 இரவு படகுகள் நீரிணையைக் கடந்தன. 15-ல் சிங்கப்பூர் வீழ்ந்தது.

போருக்குப் பின் மாநில நிர்வாகம் பல்லாண்டுகள் இங்கேதான் நடந்தது. சட்டமன்றமும் இங்கே கூடியது. 2009-ல் கோத்தா இஸ்கண்டார் திறக்கப்பட்டது. அரசு அலுவலகங்கள் அங்கே போய்விட்டன.

இங்கேதான் எனக்குக் கவலை. கோப்புகளோடு ஆட்களும் போய்விட்டால், பழைய கட்டடத்தைக் கவனிப்பவர் யார்? சுவருக்குச் சாயம் அடித்தால் மட்டும் போதாது. பள்ளிப் பிள்ளைகள் அந்தப் படிகளில் ஏற வேண்டும். 1942-ல் நடந்ததை அவர்களுக்கு அங்கேயே நின்று சொல்ல வேண்டும். நம் தமிழ்ப்பள்ளிகளும் சுற்றுலா என்றால் மலாக்காவுக்கே பேருந்தைத் திருப்பாமல் இந்தப் பக்கமும் வரலாமே!

இன்னொன்று. அருகே ஜாலான் உங்கு புவானில் இருக்கும் ராஜமாரியம்மன் ஆலயம் நம்மில் பலருக்குப் பழக்கமானது. 1911-ல் அதற்கு நிலம் தந்தவரும் இதே சுல்தான் இப்ராஹிம்தான். அடுத்த முறை அர்ச்சனை முடிந்து வெளியே வரும்போது, அப்படியே குன்றுப் பக்கமும் நடந்து பாருங்கள்.