தாள் உருட்டிய கைகள்

சாத்தூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் நடந்த கைவினைக் கண்காட்சியில் ‘குவில்லிங்’ எனப்படும் தாள்சுருள் வேலைக்கென ஒரு மேசை ஒதுக்கியிருந்தார்கள். சில மில்லிமீட்டர் அகலமே உள்ள வண்ணத்தாள் நாடாவை ஊசி முனையில் சுற்றி, நுனியில் பசையிட்டு ஒட்டினால் ஒரு சுருள் கிடைக்கும். அதை விரலால் ஒரு பக்கம் நசுக்கினால் நீர்த்துளி. இரு பக்கமும் நசுக்கினால் இலை. இப்படிச் செய்த சுருள்களை நெருக்கி ஒட்டி வாழ்த்து அட்டைகளும் காதணிகளும் ஒரு மயிலும் செய்து வைத்திருந்தனர் மாணவியர். அவர்களுள் ஒருத்தியின் கைவேகம் நம்மை நிறுத்தியது. மற்றவர்கள் ஒன்று சுற்றும் நேரத்தில் அவள் மூன்று சுற்றினாள். யாரிடம் கற்றாய் என்று கேட்டோம். “அம்மாச்சி வெடிக்குக் குழாய் உருட்டுவாங்க சார். சின்னதுல பக்கத்துல உக்காந்து பழகினது” என்றாள். அந்த விடையே இக்கட்டுரைக்குக் காரணம்.

இக்கலையின் பெயரில் ஒரு பறவை ஒளிந்திருக்கிறது. ‘குவில்’ என்பது எழுதுகோலாகப் பயன்பட்ட இறகுத் தண்டு. அதில் தாளைச் சுற்றியதால் வந்த பெயர் இது என்பர். பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் பிரான்சு, இத்தாலி நாடுகளின் கன்னிமடத்துப் பெண்கள், பொன்விளிம்பிட்ட நூல்களிலிருந்து கழிந்த தாள்நறுக்குகளைச் சுருட்டிப் புனிதப் பொருட்களுக்கு அணி செய்தனர். பொன்னிழை வேலைப்பாட்டுக்குப் பொருளில்லாத இடத்தில் தாள் பொன்னாயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டில் இது இங்கிலாந்தின் செல்வர் வீட்டுப் பெண்களுக்குப் பொழுதுபோக்காயிற்று. 1786இல் வெளிவந்த பெண்கள் இதழ் ஒன்று இதற்கான கோலங்களையே அச்சிட்டது.

இலக்கிய வாசகர்கள் இக்கலையை முன்பே சந்தித்திருக்கக்கூடும். ஜேன் ஆஸ்டினின் ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’ (1811) நாவலில் லூசி என்னும் பெண், செல்வர் வீட்டுக் குழந்தைக்காகத் தாள்சுருள் கூடை ஒன்று செய்யக் கடமைப்பட்டு அமர்கிறாள். எலினார் உதவிக்கு வந்து தாளை உருட்டித் தருகிறாள். லூசி அண்டியிருப்பவள்; வீட்டுத் தலைவியின் மனம் கோணாமலிருக்கவே அந்தக் கூடை. பொழுதுபோக்கு எனப்பட்ட வேலைக்குள்ளும் யார் யாருக்காக உருட்டுகிறார்கள் என்ற கேள்வி இருப்பதை ஆஸ்டின் அறிந்திருந்தார்.

இனி நம் ஊருக்கு வருவோம். வைப்பாற்றங்கரையில் உள்ள சாத்தூரை இன்று பலரும் காராச்சேவால் அறிவர். பேனா நிப்புச் செய்யும் குடிசைத்தொழிலுக்கும் ஒரு காலத்தில் பெயர்பெற்ற ஊர் இது. இறகுத் தண்டைப் பயனற்றதாக்கிய உலோக நிப்பு இங்கே செய்யப்பட்டது என்பது ஒரு சுவையான தற்செயல். பின்னர் வந்த பந்துமுனைப் பேனா அந்த நிப்பையும் ஓரங்கட்டிவிட்டது.

ஆனால் இவ்வட்டாரத்தின் பெருந்தொழில் வேறு. மழையை நம்பிய கரிசல் நிலம் பொய்த்தபோதெல்லாம் மக்களுக்கு மாற்றுப் பிழைப்பு தேவைப்பட்டது. 1922இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினர். 1940இல் வெடிபொருள் விதிகள் வந்தபின் உரிமம் பெற்ற பட்டாசு ஆலைகள் எழுந்தன. பெட்டிக்கும் வெடிக்கும் ஒட்ட வேண்டிய லேபிள்களால் அச்சுத்தொழில் வளர்ந்தது. மூன்றுக்கும் பொதுவான மூலப்பொருள் தாள்.

வறண்ட வெயில் தாளுக்கும் பசைக்கும் மருந்துக்கும் ஏற்றதாயிற்று. ஆலையிலிருந்து தாள்கட்டு கிராமத்து வீடுகளுக்கு வரும். திண்ணையில் பலகையைப் போட்டுக்கொண்டு, கம்பியில் தாளைச் சுற்றி உருட்டி, பசை தடவிய ஓரத்தை அழுத்திக் கம்பியை உருவினால் ஒரு குழாய். அதை வெயிலில் காயவைத்து, எண்ணிக் கட்டி, திருப்பித் தர வேண்டும். கூலி எண்ணிக்கைக்கு. தீப்பெட்டி ஒட்டுவோருக்கு நூற்று நாற்பத்து நான்கு கொண்ட குரோஸ் கணக்கு. வெடித்துச் சிதறிய குப்பையில் பழைய செய்தித்தாளின் எழுத்துகளை நாம் சிறுவயதில் கூட்டிப் படித்ததுண்டு. கன்னிமடத்தில் நூலின் விளிம்பு சுருளானது போல, இங்கே படித்து முடித்த தாள் குழாயாயிற்று.

அதைவிட நெருங்கிய உறவும் உண்டு. சங்குசக்கரத்தை எரிப்பதற்கு முன் உற்றுப் பாருங்கள். மருந்தடைத்த மெல்லிய தாள்குழாயை நடுவிலிருந்து வட்டமாகச் சுற்றி ஒட்டிய சுருள் அது. தாள்சுருள் கலைஞர் முதலில் கற்கும் இறுக்கச் சுருளுக்கும் அதற்கும் வடிவத்தில் வேறுபாடு இல்லை.

இவ்வளவு வேலையும் கையிலேயே தங்கியது எதனால்? மலிவான கூலி முதற்காரணம். அரசின் வரிக்கொள்கை இன்னொன்று. இயந்திரத்தில் செய்த தீப்பெட்டிக்கு ஒரு கலால் வரி, கையால் செய்ததற்குக் குறைந்த வரி என்ற வேறுபாடு நெடுங்காலம் இருந்தது. சிறுதொழிலைக் காக்கும் நல்லெண்ணம் அதில் இருந்தது உண்மையே. ஆயினும் பரிசுப்பொருளின்மேல் ‘கையால் செய்தது’ என்று எழுதினால் விலை ஏறுகிறது. அதே சொல் இவ்வட்டாரத்தில் பொருளை மலிவாக்கும் வரிப்பிரிவாக இருந்தது. செய்தவரின் கைக்கு அச்சொல் பெருமை எதையும் தரவில்லை.

அந்தக் கைகளுள் பல குழந்தைகளுடையவை. விடியுமுன் ஆலை வண்டி ஊருக்குள் வந்து சிறார்களை ஏற்றிச் சென்ற காலம் வெகுதூரத்தில் இல்லை. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. சலம் பென்னூர்கரின் ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ (1990) ஆவணப்படம் அவர்களைத் திரையில் காட்டியது. நம் கரிசல் எழுத்தாளர் பூமணி ‘கருவேலம் பூக்கள்’ படத்தில் மகளைத் தீப்பெட்டி ஆலைக்கு அனுப்பும் குடும்பத்தின் கதையைச் சொன்னார். 1996 டிசம்பர் 10 அன்று, சிவகாசி குறித்த வழக்கில் உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறிப் பணியமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி இருபதாயிரம் ரூபாய் செலுத்த வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. நிலைமை பெருமளவு மாறியது. இடர் மாறவில்லை. 2021 பிப்ரவரியில் சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்துப் பலர் மாண்டனர். உருட்டும் தாளில் ஆபத்தில்லை; அதில் மருந்து நிரப்பும் இடத்தில்தான் உயிர் போகிறது.

2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சரவெடிக்குத் தடை விதித்தது. காற்றின் தூய்மைக்கு அது தேவையாக இருக்கலாம். சரம் பின்னிப் பிழைத்த பெண்களுக்கு அது வேலையிழப்பு என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

கண்காட்சியின் இரண்டாம் நாள் அம்மாணவி தன் அம்மாச்சியை அழைத்து வந்தாள். மூதாட்டி மயிலைக் கையிலெடுத்துத் திருப்பிப் பார்த்தார். விலைச்சீட்டில் நானூறு ரூபாய் என்றிருந்தது. “இத வெடிக்காமலே விக்கலாமா தாயி?” என்று கேட்டார். மேசையைச் சுற்றி நின்றவர்கள் சிரித்தனர். அவர் சிரிக்கவில்லை, விடைக்காகக் காத்திருந்தார்.

பிறகு ஒரு நாடாவை எடுத்து, ஊசியைத் தொடாமல், கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையில் வைத்து உருட்டிக் காட்டினார். சுருள் சீராக, இறுக்கமாக வந்தது. கைவினை வரலாறு எழுதுவோர் கன்னிமடத்துப் பெண்களையும் ஆங்கிலச் சீமாட்டிகளையும் மறக்காமல் குறிப்பிடுகின்றனர். அவ்வரிசையில் சாத்தூர்த் திண்ணைகளில் அமர்ந்திருந்தவர்களையும் சேர்க்க வேண்டும். அவர்கள் உருட்டியவை எரிந்துபோனதால் அருங்காட்சியகத்தில் வைக்க ஒன்றும் மிஞ்சவில்லை. உருட்டத் தெரிந்த விரல்கள் இன்னும் சில இருக்கின்றன. அவர்கள் சொல்வதை எழுதிவைக்கும் வேலை நம்முடையது.