சேற்றில் சிக்கிய வீடுகள்

1910-ஆம் ஆண்டு நியூயார்க்கில் நடந்த மோட்டார்க் கண்காட்சியில், பின்னாசனத்தை விரித்தால் படுக்கையாகவும், ஓட்டுநரின் இருக்கைக்குப் பின்னே மடக்கியிருந்த தொட்டியை இறக்கினால் முகம் கழுவும் இடமாகவும் மாறக்கூடிய ஒரு வண்டியைப் பியர்ஸ் ஆரோ கம்பெனியார் கொண்டுவந்து நிறுத்தியபோது, வீட்டையே உடன் அழைத்துக்கொண்டு தேசசஞ்சாரம் செய்யலாம் என்ற ஆசை அமெரிக்கச் செல்வந்தர் மனத்தில் வேரூன்றியது. ஆனால் அந்த ஆசைக்கு ஈடுகொடுக்கும் சாலை அந்நாட்டில் அன்று இல்லை. நியூயார்க்கையும் ஸான் பிரான்ஸிஸ்கோவையும் இணைப்பதாக 1913-இல் பிரகடனம் செய்யப்பட்ட லிங்கன் நெடுஞ்சாலையுங்கூட, பெரும்பகுதி, வயல்களினூடே கிடந்த மண்பாதைகளைக் கோத்து வரைபடத்தில் இழுத்த கோடுதான்.

1915-இல் ரோலண்ட் காங்க்ளின் என்ற பஸ் உற்பத்தியாளர், 25 அடி நீளமும் 8 டன் எடையும் கொண்ட மாடி வண்டியில், சமையலறை, படுக்கை, மின்விளக்கு முதலிய சகல சௌகரியங்களுடனும் குடும்ப சமேதராய் ஸான் பிரான்ஸிஸ்கோவுக்குப் புறப்பட்டார். குதிரை வண்டிகளுக்கென்று கட்டிய மரப்பாலம் மோட்டாரின் பாரத்தைத் தாங்குமா என்று ஓடைக்கரைதோறும் இறங்கிப் பார்க்கவேண்டிய காலம் அது.

அயோவா மாகாணத்துக் கரிய மண், வெயில் நாளில் கட்டாந்தரையாகக் கிடப்பது, ஒரு மழை பெய்ததும் பசைபோல் டயரில் அப்பி, மட்கார்டின் இடுக்கையெல்லாம் அடைத்துச் சக்கரத்தைச் சுழலவிடாமல் பிடித்துக்கொள்ளும். விஷயம் அறிந்தவர்கள் ஈரம் உலரும்வரை வண்டியை அசைக்கமாட்டார்கள். அவசரப்பட்டவர்கள் ஜோடிக் குதிரைகளுடன் எந்தக் குடியானவராவது வருவாரா என்று வழிபார்த்து நிற்பார்கள்.

ஏற்றங்களின் சங்கடம் வேறு வகை. சாமானிய ஜனங்கள் வாங்கி, தாங்களே பலகை அடித்துக் குடிலாக்கிக்கொண்ட ஃபோர்டு டி-மாடல் காரில், பெட்ரோல் டாங்கி ஆசனத்தின் அடியில் இருந்தது, பம்பு கிடையாது, பெட்ரோல் தன் கனத்தினாலேயே வழிந்து எஞ்சினை அடையவேண்டும். டாங்கி பாதிக்குமேல் காலியாகியிருக்கும் சமயத்தில் செங்குத்தான மேட்டில் வண்டியின் முன்பக்கம் உயர்ந்தால், பெட்ரோல் எட்டாமல் எஞ்சின் அடங்கிப்போகும். ஆகவே வண்டியைத் திருப்பி, பிள்ளைகுட்டிகளை இறக்கி நடக்கவிட்டு, ரிவர்ஸ் கியரில் பின்பக்கமாகவே மலையேறினார்கள். அந்தக் கியருக்கு இழுவைச் சக்தி அதிகம் என்பது கூடுதல் அநுகூலம்.

யூட்டாவின் பாலையிலோ குடியானவரும் அபூர்வம். 1916-ஆம் ஆண்டு வெளியான லிங்கன் நெடுஞ்சாலைக் கையேடு, மண்வெட்டி, கோடரி, இழுவைச் சங்கிலி, தண்ணீர்ப் பை இவற்றோடு கிளம்பச் சொன்னதுமல்லாமல், ஃபிஷ் ஸ்பிரிங்ஸ் அருகே வண்டி நின்றுவிட்டால் காட்டுப் புதர்களைக் குவித்துத் தீ மூட்டும்படியும் யோசனை கூறியது. பல மைல் தூரத்திலிருந்து அதைக் கண்டு, அங்கிருந்த பண்ணைக்காரர் குதிரைகளோடு வந்து சேர்வார் என்பது ஏற்பாடு. இந்த யாத்திரை வழக்கத்தின் சரித்திரத்தில் வண்டி செய்தவர்களுக்கு அளிக்கும் ஸ்தானத்தை, வண்டியைச் சேற்றிலிருந்து இழுத்துவிட்டவர்களுக்கும் அளிக்கவேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். விக்கினம் நிச்சயம் என்று தெரிந்தும் ஜனங்கள் துணிந்து புறப்பட்டதற்கு, முன்பின் அறியாதவர் கைகொடுப்பார் என்ற நம்பிக்கையே பெரிய காரணம்.

1919-இல் வாஷிங்டனிலிருந்து புறப்பட்ட ராணுவ மோட்டார் அணியே ஸான் பிரான்ஸிஸ்கோவை அடைய 62 நாள் பிடித்தது; அதில் பார்வையாளராகச் சென்ற ஐசன்ஹோவர்தான் பிற்காலத்தில் ஜனாதிபதியாகி, 1956-இல் மாபெரும் நெடுஞ்சாலைச் சட்டத்தில் கையொப்பமிட்டார். அதே 1919-இல் ஃப்ளாரிடாவின் டாம்பா நகரில், ரேடியேட்டர் மூடியில் தகர டப்பா ஒன்றைப் பற்றவைத்து அடையாளமாகக் கொண்ட யாத்திரிகர் சங்கம் தோன்றிற்று. ஊர்கள்தோறும் இலவச முகாம்கள் எழுந்தன. டென்வர் நகரத்து ஓவர்லாந்து பூங்கா அவற்றுள் பிரசித்தமானது. ஆனால் சாலைகள் செம்மைப்பட்டு, கையில் காசில்லாதவர்களும் பழைய கார்களில் வந்து தங்கலானதும், 1920-களின் நடுவிலிருந்து நகரசபைகள் ஒவ்வொன்றாக இம்முகாம்களுக்குக் கட்டணம் விதித்து, தங்கும் நாட்களுக்கும் வரம்பு கட்டின.