தாராவித் தோல் தொழில்

மும்பையின் தாராவியில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வேரூன்றிய தொழில். திருநெல்வேலிப் பகுதியிலிருந்து குடியேறிய தமிழ் முஸ்லிம்கள் இங்குத் தோல் பதனிடும் கூடங்களை அமைத்தனர். பதனிடுதல் பின்னர் பெரும்பாலும் நகருக்கு வெளியே சென்றது. வெட்டுதலும் தையலும் நிலைத்தன. பை, பெல்ட், பணப்பை, ஜாக்கெட் ஆகியவை முதன்மைப் பொருள்கள்.

வடிவுறை நுட்பம்: கைத்துப்பாக்கி உறை போல, பொருளின் உருவத்தோடு ஒட்டி நிற்கும் உறைகளுக்குத் தாவரப் பட்டையில் பதனிட்ட, ஏறத்தாழ 3 மி.மீ. தடிப்புள்ள தோல் ஏற்றது. குரோமியத்தில் பதனிட்டது வடிவைத் தக்கவைக்காது. நனைத்த தோலை மாதிரி அச்சின்மேல் அழுத்தி, மிகுந்த சூடு படாமல் உலர்த்துவர். துப்பாக்கி உறையில் விசைப் பகுதி முழுதும் மூடியிருப்பது பாதுகாப்புக்கு இன்றியமையாதது.

சட்டம்: மகாராஷ்டிரத்தில் 2015இல் காளை, எருது வெட்டுவது தடைசெய்யப்பட்டதால் மூலத்தோல் வரத்து குறைந்து, தொழிலாளர் வாழ்வாதாரம் பாதிக்கப்பட்டது.