ஒரே ரயில் பாதையில் இரண்டு நோய்கள்

கடற்கரையிலிருந்து செங்கல்பட்டு போகும் மின்சார ரயிலில், குரோம்பேட்டையைத் தாண்டியதும் தாம்பரம் சானடோரியம் வரும். ஸ்டேஷனுக்கே அந்தப் பெயரைக் கொடுத்தது, டாக்டர் டேவிட் சவுரி முத்து 1928-இல் நிறுவிய காசநோய் மருத்துவமனை. அதே பாதையின் தென்கோடியில், செங்கல்பட்டை அடுத்த திருமணியில், 1924-இல் தொடங்கியது லேடி வெலிங்டன் தொழுநோய் மருத்துவமனை. 1955-இல் மத்திய அரசு அதை ஏற்று, மத்திய தொழுநோய் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிலையமாக ஆக்கியது. நம் பக்கத்துப் பெரியவர்கள் வாய்விட்டுச் சொல்லத் தயங்கிய இரண்டு வியாதிகளுக்கும் இந்த ஒரே ரயில் பாதையில்தான் இடம் கிடைத்தது.

இதில் ஒரு பொருத்தமும் உண்டு. இரண்டு கிருமிகளும் பங்காளிகள். தொழுநோய்க் கிருமியை நார்வே நாட்டின் ஹான்சன் 1873-இல் கண்டார். காசநோய்க் கிருமியை ஜெர்மனியின் கோக் 1882-இல் அறிவித்தார். இரண்டும் மைக்கோபாக்டீரியம் என்ற ஒரே குடும்பம். உடம்பும் இரண்டையும் ஏறக்குறைய ஒரே விதமாகத்தான் எதிர்கொள்கிறது. வெளியே தள்ள முடியாத கிருமியைச் சுற்றி வெள்ளணுக்கள் கூடி, நெருங்கி, ஒன்றோடொன்று ஒட்டி ஒரு சிறு கோட்டை கட்டுகின்றன. அதற்குக் கிரானுலோமா என்று பெயர்.

தகராறு இங்கேதான் ஆரம்பம். காசநோய் நுரையீரலோடு நிற்பதில்லை, தோலிலும் வரும். முகத்தில் ஒரு சிவந்த தடிப்பு இருக்கிறது. தொட்டால் உணர்ச்சி இருக்கிறதா என்று டாக்டர் பஞ்சால் வருடிப் பார்ப்பார். ஆனால் முகத்தில் நரம்புகள் நெருக்கமாக ஓடுவதால், தொழுநோய்த் தடிப்பாக இருந்தாலும் அங்கே உணர்ச்சி முழுவதும் போவதில்லை. சிறு துண்டு தோலை எடுத்துப் பயாப்சிக்கு அனுப்புவார்கள். மைக்ராஸ்கோப்பில் கிரானுலோமா தெரியும். கிருமியைக் காட்டும் சிவப்புச் சாயத்தைப் போட்டால் ஒன்றுமே தெரியாது. ஏனென்றால் உடம்பு நன்றாக எதிர்த்துப் போராடும் வகைத் தொழுநோயில் கிருமிகள் மிகக் குறைவு. தோல் காசநோயிலும் அப்படியே. தொழுநோய்க் கிருமியை ஆய்வுக்கூடத் தட்டில் வளர்த்துப் பார்க்கவும் வழியில்லை. ஹான்சன் கண்டு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அது கண்ணாடித் தட்டில் வளர மறுக்கிறது.

விடைக்கான குறிப்பு நரம்பில் இருந்தது. உடலின் புற நரம்புகளுக்குள் புகுந்து குடியிருக்கும் பாக்டீரியா இது ஒன்றுதான். வேலூரிலிருந்த டாக்டர் பால் பிராண்ட், 1947-இல் டாக்டர் காக்ரேனின் அழைப்பில் செங்கல்பட்டுக்கு வந்து நோயாளிகளின் மடங்கிய கைகளைப் பார்த்தார். சதை அழுகி விரல் விழுகிறது என்பது அக்கால நம்பிக்கை. நரம்பு செத்து உணர்ச்சி போவதால் சுட்டதும் வெட்டியதும் தெரியாமல் கை சிதைகிறது என்பதை அவர் பிறகு நிறுவினார். ஆக, கிரானுலோமா நரம்பைத் தின்றிருக்கிறதா என்று பார்த்தால் போதும். ஆனால் தோலின் நுண்ணிய நரம்பு அந்தக் கூட்டத்துக்குள் துண்டு துண்டாகிக் கிடந்தால், சாதாரணச் சாயத்தில் கண்ணுக்குப் படாது.

அதைக் காட்டித் தருவதுதான் இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி. ஒரு குறிப்பிட்ட புரதத்தை மட்டும் தேடிப் பிடிக்கும் எதிர்ப்பொருளைத் தோல் துண்டின் மேல் விடுகிறார்கள். அது பிடித்த இடம் பழுப்பு நிறமாகும். 1941-இல் அமெரிக்காவின் ஆல்பர்ட் கூன்ஸ் எதிர்ப்பொருளோடு ஒளிரும் சாயத்தைக் கோத்தார். 1960-களில் அமெரிக்காவில் நகானேயும் பியர்ஸும், பிரான்ஸில் அவ்ராமியாஸும் சாயத்துக்குப் பதிலாக நொதியைக் கோத்தார்கள். அதனால் சாதாரண மைக்ராஸ்கோப்பே போதும் என்றாயிற்று.

நரம்புக்கான எதிர்ப்பொருள் தேடுவது எஸ்-100 என்ற புரதத்தை. மாட்டு மூளையிலிருந்து 1965-இல் பிரித்தெடுத்தது. அம்மோனியம் சல்பேட்டின் நூறு சதவீதச் செறிந்த கரைசலிலும் கரைந்ததால் அந்தப் பெயர். நரம்பைப் போர்த்தியிருக்கும் ஷ்வான் அணுக்களில் இது உண்டு. கிரானுலோமாவுக்குள் பழுப்புத் துணுக்குகள் சிதறிக் கிடந்தாலோ, இருக்க வேண்டிய இடத்தில் நரம்பே இல்லாமல் போயிருந்தாலோ சந்தேகம் தொழுநோய்ப் பக்கம் சாயும். நரம்பு சேதமின்றி இருந்தால் காசநோய், சார்காய்டோசிஸ் போன்றவற்றைத் தேட வேண்டும். தோலுக்கு நிறம் தரும் அணுக்களும் எஸ்-100 ஏற்கும் என்பதால், பார்ப்பவருக்கு அனுபவம் வேண்டும்.

பி.சி.ஜி.க்கு எதிரான எதிர்ப்பொருளைக் கொண்டும் தேடுவதுண்டு. அந்த மூன்றெழுத்தை விரித்தால் பேசில் கல்மெத் கெரேன். பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு அது பாடப் புத்தக வாசனை. ஆனால் நம் ஊர்க்காரர்களுக்கு அது கிண்டி. 1948 முதல் அங்கேதான் அந்தத் தடுப்பூசி மருந்து தயாரானது. அந்த எதிர்ப்பொருள் சாதாரணச் சாயத்தில் தெரியாத கிருமித் துணுக்கையும் காட்டும். ஆனால் பங்காளிகளில் எவன் என்று சொல்லாது.

இவ்வளவு மெனக்கெடுவது எதற்கு? இரண்டு நோய்க்கும் ரிஃபாம்பிசின் பொதுவான மருந்து. காசநோய்க்கு அதைத் தினமும் தர வேண்டும், தொழுநோய்க் கூட்டு மருந்தில் மாதம் ஒரு முறை. ஆளை மாற்றிக் கொடுத்தால் காசநோய்க் கிருமி அந்த மருந்துக்கே பழகிவிடும். மறுபக்கம், தொழுநோயைக் கவனிக்காமல் விட்டால் கை மடங்கிப் போகும்.

இன்னொன்றும் உண்டு. 1898-ஆம் ஆண்டின் தொழுநோயாளிகள் சட்டம், போக்கிடமில்லாத நோயாளிகளைப் பிடித்து அடைக்க அனுமதி கொடுத்தது. 2016-இல்தான் அது ரத்தானது. தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்கும் பிரிவு, 2019-இல்தான் சட்டப் புத்தகத்திலிருந்து நீங்கியது. கோப்புகளோடு வாழ்நாளைக் கழித்த எனக்கு, ஒரு காகிதத்தில் எழுதும் ஒரு சொல் ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்று தெரியும். இல்லாத நோயை எழுதினால் பெண்ணுக்குக் கல்யாணம் நின்றுபோன காலம் அது. இருக்கும் நோயை எழுதாமல் விட்டதற்கு விரல்கள் விலையாயின.

இன்று மாத்திரை இலவசம், ஆறு மாதமோ ஒரு வருடமோ சாப்பிட்டால் குணம். வீட்டில் யாருக்காவது நிறம் மங்கிய, தொட்டால் உணர்ச்சியில்லாத படை இருந்தால், களிம்பு பூசிக்கொண்டு காத்திருக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள்.