பெயர் மாறிய கறையான்

ஒரு பூச்சிக்குப் பெயர் வைப்பதில் என்ன கடினம் இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். ஆப்பிரிக்கக் கறையான்களின் வரலாற்றை அறிந்தால் அந்த எண்ணம் மாறிவிடும்.

1771-இல் ஹென்றி ஸ்மீத்மன் என்ற ஆங்கிலேயர் செடிகளையும் பூச்சிகளையும் சேகரிப்பதற்காக மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள சியரா லியோனுக்குச் சென்றார். அங்கே 10 முதல் 12 அடி உயரமுள்ள புற்றுகளைக் கண்டு, அவற்றை வெட்டி ஆராய்ந்தார். அரசிக் கறையான் நிமிடத்திற்குச் சுமார் 60 முட்டைகள் இடுவதாக எழுதினார். 1781-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளிவந்த அவருடைய கட்டுரையில் அந்த இனம் 'டெர்மெஸ் பெல்லிகோசஸ்' என்ற பெயரைப் பெற்றது. 'பெல்லிகோசஸ்' என்றால் போர்க்குணம் உடையது என்று பொருள்.

117 ஆண்டுகள் கழித்து, 1898-இல், ஹாவிலண்டு என்பவர் இன்றைய தென்னாப்பிரிக்காவிலுள்ள நட்டால் பகுதியின் பெயரால் வேறோர் இனத்திற்கு 'நட்டாலென்சிஸ்' என்று பெயரிட்டார். பின்னர் இவ்விரண்டும் 'மேக்ரோடெர்மெஸ்' என்னும் பேரினத்தில் சேர்க்கப்பட்டன.

இவற்றைப் பிரித்தறிவது எளிதன்று. வேலைக்காரக் கறையான்கள் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். சிப்பாய்க் கறையான்களில் பெரியவை, சிறியவை என்று இரு வகை உண்டு. இறகுள்ள ஈசல்களோ ஆண்டில் சில நாட்களே வெளிப்படும். இதனால் மேற்கு ஆப்பிரிக்கப் பூச்சியையும் பலர் நட்டாலென்சிஸ் என்றே எழுதி வந்தனர்.

இதனால் என்ன கெட்டுவிட்டது? ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். சுவிட்சர்லாந்து விஞ்ஞானி மார்ட்டின் லூஷர், ஐவரி கோஸ்ட் நாட்டுப் புற்றுகளில் காற்று எவ்வாறு சுழல்கிறது என்பதை ஆராய்ந்தார். புற்றினுள் எழும் வெப்பக் காற்று மேலேறி, மெல்லிய சுவர்களின் வழியே கரியமில வாயுவை வெளியேற்றி, குளிர்ந்து கீழிறங்குகிறது என்று விளக்கினார். 1961-இல் வெளியான அவருடைய புகழ்பெற்ற கட்டுரை அப்புற்றைக் கட்டியது நட்டாலென்சிஸ் என்றே கூறியது. தென்னாப்பிரிக்காவில் உண்மையான நட்டாலென்சிஸ் புற்றை ஆராய்பவர், வேறோர் இனத்தின் இயல்பைத் தம் பூச்சிக்கு உரியதாகக் கொள்ள நேரிடும் அல்லவா?

1970-இல் ரூயெல் என்பவர் ஆப்பிரிக்க மேக்ரோடெர்மெஸ் இனங்கள் அனைத்தையும் மறு ஆய்வு செய்து, பிரிட்டிஷ் அருங்காட்சியக வெளியீடாகக் கொண்டுவந்தார். லூஷர் ஆராய்ந்த பூச்சி, ஸ்மீத்மன் விவரித்த பெல்லிகோசஸ்தான் என்பது தெளிவாயிற்று.

சரியான பெயர் கிடைத்ததன் பயனைப் பின்னாளில் காண முடிந்தது. கோர்ப், லின்சென்மாயர் என்ற இரு ஆய்வாளர்கள் ஐவரி கோஸ்ட்டில் அதே பெல்லிகோசஸ் புற்றுகளை மீண்டும் அளந்தனர். புல்வெளிப் புற்றுகளில் பகல் வேளையில் வெயிலின் வெப்பமே காற்றோட்டத்தை நடத்துகிறது என்று 2000-இல் வெளியிட்டனர். லூஷரின் விளக்கம் இவ்வாறு திருத்தம் பெற்றது. இருவர் கூறுவதும் ஒரே பூச்சியைப் பற்றித்தான் என்று தெரிந்தால்தானே, ஒருவர் முடிவை மற்றவர் சோதிக்க இயலும்?

வகைப்பாட்டியலாரின் பணி வறட்டுப் பெயர்ப் பட்டியல் போலத் தோன்றலாம். ஆனால் மற்ற ஆய்வுகள் எல்லாம் அந்தப் பட்டியலின் மேல்தான் நிற்கின்றன.