புதுச்சேரி இருளர்கள்: பழங்குடி பட்டியலில் சேர்ந்தாச்சு... நிலம், நிர்வாகத்தில் இடம் இருக்கா?

புதுச்சேரியில் பழங்குடியினர் பட்டியல் என்ற ஒன்றே 2016 வரை கிடையாது. அந்த ஆண்டு டிசம்பரில் வெளியான குடியரசுத் தலைவர் உத்தரவில்தான் இருளர்கள் முதல்முறையாக இடம்பிடித்தார்கள். இதனால் என்ன மாறியது, எது மாறவில்லை? சுருக்கமாகப் பார்ப்போம்.

யார் இவங்க?

வில்லி, வேட்டைக்காரன் என்றும் அழைக்கப்படும் இருளர்கள், வயல் எலி, பாம்பு பிடிப்பதிலும் ஏரி மீன்பிடிப்பிலும் கைதேர்ந்தவர்கள். இன்று பலர் விவசாயக் கூலி, செங்கல் சூளை வேலைகளில் இருக்கிறார்கள்.

ஏன் இவ்வளவு தாமதம்?

புதுச்சேரிக்கான பட்டியல் சாதியினர் உத்தரவு 1964-லேயே வந்துவிட்டது. பழங்குடியினருக்கு மேலும் 52 ஆண்டுகள் ஆனது. பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் தனி என்பதால், எல்லைக்கு அந்தப் பக்கம் விழுப்புரத்தில் இருக்கும் இருளர் பழங்குடி. இந்தப் பக்கம் இருந்தவர் அப்படி இல்லை. காட்டுநாயக்கன், மலைக்குறவன், எருக்குலா, குருமன் ஆகியோர் 2016 பட்டியலிலும் சேர்க்கப்படவில்லை.

தனி நிலம் உண்டா?

இல்லை. அரசியல் சாசனத்தின் 5-வது அட்டவணைப் பகுதிகள் 10 மாநிலங்களில் மட்டுமே உள்ளன. புதுச்சேரியும் தமிழ்நாடும் அதில் இல்லை. வன உரிமைச் சட்டம் காட்டில் வாழ்பவர்களுக்கானது; ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும் குடியிருப்பவர்களுக்கு அது கை கொடுக்காது. அவர்களுக்கு மனைப்பட்டாதான் ஒரே பாதுகாப்பு.

நிர்வாகத்தில் இடம்?

சட்டப்பேரவையின் 30 தொகுதிகளில் 5 பட்டியல் சாதியினருக்கு. பழங்குடியினருக்கு ஒன்றுகூட இல்லை. உள்ளாட்சியில் மக்கள்தொகை விகிதப்படி இடம் தரச் சொல்கிறது சாசனத்தின் 243டி பிரிவு. ஆனால், புதுச்சேரியில் கடைசியாக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006-ல். அதுவும் 38 ஆண்டுகளுக்குப் பிறகு! 2011-ல் பதவிக்காலம் முடிந்ததும் கொம்யூன் பஞ்சாயத்துகள் அதிகாரிகள் கைக்குப் போயின. 2021-ல் அறிவிக்கப்பட்ட தேர்தலும் நின்று போனது.

அடுத்து என்ன?

பட்டியலே இல்லாததால், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் புதுச்சேரியின் பழங்குடியினர் எண்ணிக்கை பூஜ்யம். இவர்கள் பழங்குடியினராக முதல்முறை எண்ணப்படப்போவது 2027 கணக்கெடுப்பில்தான். இடஒதுக்கீடு விகிதத்துக்கு அந்த எண்ணிக்கையே அடிப்படை. அதனால், கணக்கெடுப்பாளர் வீட்டுக்கு வரும்போது ஒரு குடும்பமும் விடுபடாமல் இருப்பது முக்கியம்.